இட்லிக் கொப்பரைக்குப் போன மூட்டை

அந்த யோசனை எனக்கு லிஃப்டில் வந்தது. தாராவியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், கண்ணாடிக் கட்டிடங்களுக்கு நடுவே, ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. அன்று காலை லிஃப்டில் பக்கத்தில் நின்றவள், வேறு மாடிக்காரி, என் சட்டையின் கைமடிப்பை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டாள். சயான் பாலத்துக்குக் கீழே தார்ப்பாயில் குவித்துப் போட்டு விற்கிறவனிடம், வடாபாவ் தின்கிற காசுக்கு வாங்கியது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு சின்ன இடம் இருக்கிறது, தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் காட்டுவார்கள் என்று அடித்து விட்டேன். அவள் கண் விரிந்தது. விலாசம் கேட்பதற்குள் அவள் மாடி வந்துவிட்டது. நான் என் மாடியில் இறங்க மறந்து உச்சிவரை போய்த் திரும்பக் கீழே வந்தேன். அப்படி ஓர் இடம் கிடையாது. ஏன் கிடையாது?

அன்று சாயங்காலமே பாலத்துக்கடிக்கு ஓடினேன். அதுவரை எனக்கு ஒரு சட்டை தேடுகிறவளாகப் போனவள், இப்போது கடைக்காரியாகப் போனேன். குவியல் முழுக்க வேறு மாதிரி தெரிந்தது. எந்தத் துணியையும் முதலில் உள்பக்கம் திருப்பிவிட வேண்டும். வெளிப்பக்கம் பொய் சொல்லும், தையல் சொல்லாது. அக்குளையும் காலரையும் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். மோந்து பார்க்கக் கூச்சப்படக் கூடாது. பொத்தானை உதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் என்றால் சும்மா இருக்கும், சிப்பியில் செய்தது என்றால் சில்லென்று குளிரும். இந்தக் கடைசி வித்தையை நான் எங்கும் படிக்கவில்லை, பல்லில் பொத்தானைக் கடித்துக்கொண்டு யோசிக்கிற கெட்ட பழக்கத்தால் கண்டுபிடித்தது. பார்த்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு என்னவோ என்று நினைத்திருப்பார்கள்.

துணியோடு நிற்கவில்லை. எங்கள் சந்துக்குப் பின்னால் பங்கார் கடைகள், மும்பையின் உடைசல் உளுத்தல் எல்லாம் எடைக்கு வந்து சேருகிற கிடங்குகள். உடைக்கப் போகிற குவியலிலிருந்து நீலக் கரை போட்ட எனாமல் தட்டுகள் எடுத்தேன். காது உடையாத ஊறுகாய்ப் பரணி ஒன்று எடுத்தேன். கைப்பிடி போன பித்தளைக் காபி ஃபில்டர் ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தபோது, அது பளபளத்த பளபளப்பு! வீட்டில் இருந்த ஒரே ஜன்னலில் வைத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்பா, ஃபில்டர் சரி, காபி எங்கே என்றார்.

தவறுகளும் நடந்தன. முதல் தவணைத் துணியைத் துவைத்து மாடித் தகரத்துக்கு மேல் காயப்போட்ட அன்றுதான் கும்பார்வாடாவில் குயவர்கள் சூளை மூட்டினார்கள். பிறந்ததிலிருந்து அந்தப் புகையில் வளர்ந்தவள், எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. எடுத்து மடிக்கும்போது ஒவ்வொரு சட்டையும் சுட்ட சட்டி மாதிரி மணத்தது. மறுபடி துவைத்தேன்.

செம்பூரில் ஒரு காபிக் கடை. வீட்டு முன்னறையைக் கடையாக்கி நடத்துகிற பெண்மணி, முப்பது வயதுக்கு மேல் இருக்கும், வாடிக்கையாளர்களைவிடச் செடிகளிடம் அதிகம் பேசுவார். அவரிடம் போனில் படங்களைக் காட்டி, மூச்சு விடாமல் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூலை ஒன்றை வாங்கிவிட்டேன். ஒரு துணித் தாங்கியும் ஒரு மேசையும் போட்டுக்கொள்ளலாம். நன்றாக நடந்தால் மாதத்தின் முதல் ஞாயிறு எனக்கு. இல்லாவிட்டால் மெழுகுவர்த்தி செய்கிற ஒரு பெண் அதே மூலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு. இதை அவர் கண்டிப்பாகச் சொல்லவில்லை, காபி ஆற்றுகிற மாதிரி சொன்னார். காப்பீட்டு அலுவலகத்தில் மற்றவர்கள் வீடு எரிந்த கணக்கைக் கணினியில் ஏற்றியபடியே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, அந்த மூலை ஒன்றுதான் வாசல்.

வாரக்கணக்கில் சேர்த்தேன். கிழிந்த லைனிங் துணியை மாற்றித் தைத்தேன், காணாமல் போன பொத்தானுக்கு ஜோடி தேடினேன், ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டேன். எல்லாவற்றிலும் ராஜா, ஆண்கள் போடுகிற ஒரு வெள்ளை லினன் கோட்டு. வெள்ளை என்றால் பளீர் இல்லை, பால் ஆடை நிறம். முழுக்க சிப்பிப் பொத்தான். அதைத் தாங்கியின் முன்னால் தொங்கவிட்டால் தெருவில் போகிறவன் திரும்புவான் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் துணி வைக்க அலமாரி உண்டு, ஆனால் அது தங்கையின் புத்தகங்களுக்கு. ஆகவே அடுக்கியதை அப்பாவின் பழைய லுங்கிச் சாரம் ஒன்றில் தூசி படாமல் மூட்டையாகக் கட்டி, மேல் அறைக்குப் போகிற இரும்பு ஏணிக்குக் கீழே இருந்த கொக்கியில் மாட்டினேன். அந்தக் கொக்கி எதற்கானது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் மட்டும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை வேலை விட்டு வந்தால் அம்மாவின் முகம் பூத்திருந்தது. அடுப்பங்கரைத் திட்டில் புத்தம் புதிய எவர்சில்வர் இட்லிக் கொப்பரை, விளக்கு வெளிச்சத்தை உத்தரத்தில் அடித்துக்கொண்டு நின்றது.

"தட்டிப் பாரு. கனத்தப் பாத்தியாட்டி? பக்கத்து வீட்டுக்காரிக்கு வடிதட்டுதான் குடுத்தா பாத்திரக்காரி. எனக்குக் கொப்பர."

எங்கள் சந்தில் இது பழைய முறை. மௌசி, அதாவது சித்தி, என்று நாங்கள் கூப்பிடுகிற பாத்திரக்காரி தலையில் கூடையோடு வருவாள், நாம் பழந்துணியைப் போடுவோம், அவள் பாத்திரம் கொடுப்பாள். ஒரு சேலைக்கு ஒரு கரண்டியா, ஒரு பேண்டுக்கு மூடி உண்டா என்று தெருவே கூடிப் பேரம் நடக்கும். போடுகிற துணியை எல்லா வீடுகளிலும் ஒரு கிழிந்த சாரத்தில் கட்டி, ஏணிக்குக் கீழே கொக்கியில் மாட்டி வைப்பார்கள்.

கொக்கியைப் பார்த்தேன். வெறுங்கொக்கி.

மூட்டை எங்கே என்று கேட்டேன். அதைத்தான் போட்டேன் என்றாள் அம்மா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த பூ கொஞ்சம் கொஞ்சமாக வாடியதை நான் பார்க்க வேண்டியிருந்தது. கத்த நினைத்தேன், முடியவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

"மூட்டையப் பிரிச்சா, பாத்தா, ஒடனே திரும்பக் கட்டிட்டா. ஒரு வார்த்த பேரம் பேசலயே. நான் என் சாமர்த்தியம்னுல்லா நெனச்சேன்."

அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்றபடி, வடிதட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்லவேளை என்று சொல்லாமல் சொன்னாள்.

அம்மா கொப்பரையை அடுப்பில் ஏற்றவில்லை. உள்ளே இட்லித் தட்டுகளை வைத்து, மூடியைப் போட்டு, ஒரு பழைய துண்டில் சுற்றினாள். பாத்திரக்காரிகள் சேர்த்த துணியைக் காலையில் கிராண்ட் ரோடு பக்கம் ஒரு தெருவில் பரப்பி விற்பார்கள், நம்ம மௌசி தான் உட்காருகிற இடத்தை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், விடிந்ததும் போவோம் என்றாள். நான் அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று செய்தி அனுப்பினேன்.

மாஹிமில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் அம்மா கொப்பரையை மடியில் வைத்து, பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள். துண்டு விலகி ஓரம் மின்னியதும் எதிரில் இருந்தவள் இந்தியில் என்ன விலை என்று கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றாள் அம்மா. அடுத்த ஸ்டேஷன் வந்ததும் மெதுவாக, நீ எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டாள். நான் முழங்கையால் இடித்தேன். சும்மா கேட்டு வைத்தால் என்ன என்றாள்.

இப்படி ஒரு தெரு இந்த ஊரில் இருக்கிறது, இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை! தெருவின் இரண்டு பக்கமும் பெண்கள், ஒவ்வொருத்தி முன்னாலும் மலை. சேலை மலை, ஜீன்ஸ் மலை, திரைச்சீலை மலை. உல்லாஸ்நகர் வியாபாரிகள் ஜீன்ஸைக் கால் நீளம் பார்த்துக் கட்டுக் கட்டாக அள்ளினார்கள். படப்பிடிப்புக்கு உடுப்பு வாடகைக்கு விடுகிற ஒருவர் போலீஸ் காக்கி தேடிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு குவியலில் கை நுழைத்தால் இகத் நெசவுக் கரை, இன்னொன்றில் முழுக்கக் கைத்தையல் போட்ட ரஜாய்ப் போர்வை உறை. நான் மூட்டையை மறந்தே போனேன். அம்மாதான் என் பின்னலைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மௌசி தெருமுனையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலும் மலைதான். ஆனால் என் துணிகள் மலையில் இல்லை. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி, ஒவ்வொன்றாக, மடிப்புக் கலையாமல் தொங்கவிட்டிருந்தாள். அந்தத் தெரு முழுக்க வேறு யாரிடமும் கயிறு இல்லை. கயிற்றுக்கு முன்னால் கூட்டம். என் கோடு போட்ட சட்டையை ஒருத்தி பிடித்திருந்தாள், அதன் இன்னொரு கையை மற்றவள் பிடித்திருந்தாள், இரண்டு பேரும் மௌசியைப் பார்த்து விலையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் துணிக்குச் சண்டை!

லினன் கோட்டை ஒரு கல்லூரிப் பையன் ஏற்கெனவே போட்டிருந்தான். நின்றிருந்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் குனிந்து குனிந்து பார்த்தான். கோட்டின் தோள் அவனுக்குக் கொஞ்சம் பெரிசு. அது அவனுக்கே சந்தேகமாக இருந்தது, கழற்றப் போனான். அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அருகே போய், அண்ணா, இது சாதாரணக் கோட்டு இல்லை, என்னுடையது, நான்தான் லைனிங் மாற்றினேன், பொத்தானை உதட்டில் வைத்துப் பாருங்கள் என்றேன். அவன் வைத்துப் பார்த்தான். குளிர்ந்தது. அவன் முகம் மாறிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மௌசி சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு, கோட்டோடு கூட்டத்தில் மறைந்துவிட்டான்.

"நீயே வித்துட்டியேட்டி," என்றாள் அம்மா.

பிறகு அம்மா கொப்பரையைத் துண்டிலிருந்து எடுத்து மௌசியின் முன்னால் வைத்தாள். மௌசி முதலில் கையை விரித்தாள். போட்டது போட்டதுதான், பாதி விற்றுப்போயிற்று, இனி என்ன செய்ய என்றாள். அம்மா அதற்கெல்லாம் அசரவில்லை. அவளுடைய இந்தி, திருநெல்வேலி வழியாகச் சுற்றி வருகிற இந்தி, ஆனால் பேரத்துக்கு அது போதும். விற்றது உன் காசு, நான் கேட்கவில்லை. தொங்குகிற மிச்சத்தை அவிழ்த்துக் கொடு. விற்றுப்போனதுக்குப் பதிலாக உன் குவியலில் நான் கைவைத்து எடுப்பேன். கொப்பரையில் நான் தண்ணீர்கூட ஊற்றவில்லை, அப்படியே திரும்ப விற்றுக்கொள். மௌசி கொப்பரையைத் தட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து தட்டுகளை எண்ணாமல் எண்ணினாள், என்னைப் பார்த்தாள். இப்படிச் சுத்தம் பண்ணி இஸ்திரி போட்டு எனக்கே கொடேன், நான் விற்கிறேன், பாதிப் பாதி என்றாள். ஞாயிறு முடியட்டும் என்றேன். சரி, எடு என்று குவியலைக் காட்டினாள்.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நான் எடுத்ததை அவள் தூக்கிப் போட்டாள், அவள் எடுத்ததை நான் தூக்கிப் போட்டேன். அவளுக்குக் கட்டம் போட்ட பழைய பருத்திச் சேலைகள் பிடித்தன, சுருக்கம் விழுந்து, கஞ்சி இறங்கி, மெத்தென்று ஆனவை. யார் வாங்குவார் என்று கேட்டேன். யாரும் வாங்கவில்லை என்றால் நான் கட்டிக்கொள்வேன் என்றாள். எனக்கு ஒரு சாம்பல் நிற சஃபாரி உடுப்பு கிடைத்தது. அதைக் கண்டதும் அவள், உங்க அப்பாவின் பழைய மேஸ்திரி மாதிரி இருக்கு, வேண்டாம் என்றாள். எடுத்தேன்.

திரும்பி வரும்போது அம்மா மூட்டையை மடியில் வைத்திருந்தாள். தாதர் தாண்டியதும் கேட்டாள்.

"செத்தவங்க துணியா இருந்தா என்னட்டி செய்ய?"

"இருந்தா, நல்லா உடுத்துன ஆளும்மா."

அவள் மூட்டையைப் பிரித்து ஒரு சேலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஆமா, கட்டத் தெரிஞ்சவதான் என்றாள். சனிக்கிழமை பகல் முழுக்கத் துவைத்தோம். சூளை உண்டா என்று முதலில் கும்பார்வாடாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மா கஞ்சி காய்ச்சினாள். அடுத்த வீட்டுக்காரி வடிதட்டை இரவல் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் தாங்கியின் முன்னால் கோட்டு இல்லை, அம்மாவின் கட்டச் சேலை ஒன்று தொங்கியது. கடையை வெகுநேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரப் பெண்மணி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார், ஊற்றிய செடிக்கே மறுபடியும் ஊற்றினார். எனக்கு மெழுகுவர்த்தி வாசனை அடிக்க ஆரம்பித்தது. அப்போது லிஃப்ட்காரி உள்ளே வந்தாள், இரண்டு தோழிகளோடு. மறுபடி லிஃப்டில் மாட்டியபோது அவளிடம் விலாசத்தைச் சொல்லியிருந்தேன், வருவாள் என்று நம்பவில்லை. இதுதானா அந்த இடம் என்றாள். இதுதான் என்றேன். தோழி ஒருத்தி சஃபாரி உடுப்பை அப்படியே போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றாள், அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கட்டச் சேலைகளை ஒருத்தி மொத்தமாக எடுத்தாள். அம்மாவுக்கு ஒன்றைக்கூட ஒதுக்கி வைக்காமல் போனேனே என்று அப்புறம்தான் உறைத்தது.

மத்தியானம் மாதுங்காவிலிருந்து ஒரு மாமி மருமகளோடு வந்தார். காபியை ஒரு வாய் குடித்து, டபராவை நகர்த்தி வைத்துவிட்டு, என் மேசைக்கு நேரே வந்து பித்தளை ஃபில்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்காத்துப் பரண்ல நாலு கெடக்கு. இதுக்கு நீ வெல வேற போட்டிருக்கியா?"

போட்டிருக்கிறேன் என்றேன். இன்னும் என்ன கிடக்கிறது என்று கேட்டேன். மாமி விரல் விட்டு எண்ணவில்லை, பெருமூச்சு விட்டு எண்ணினார். வெண்கல உருளி, பெரிய பரணிகள், மாமனார் காலத்துக் கைக்கடிகாரப் பெட்டி, கட்டாத பட்டு, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பி ஒருநாளும் போடாத கம்பளிக் கோட்டுகள். கொடுத்துவிடலாமே என்றேன். அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

"சும்மா குடுத்தா மனசு கேக்காது. காசுக்கு வித்தா ஆத்துல கஷ்டமான்னு பில்டிங் முழுக்கக் கேப்பா. பாத்திரக்காரி வந்தா ஒரு ஸ்பூன் ஸ்டாண்டக் காட்டிண்டு நாலு பொடவ கேக்கறா. நல்ல இட்லிக் கொப்பரையா ஒண்ணு கொண்டுவாயேன், பாக்கலாம்."

வெளியே ஓடிப்போய் போனில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அதத்தான திருப்பிக் குடுத்துட்டு வந்தோம் என்றாள்.

சாயங்காலம் தாங்கியில் கம்பிதான் மிச்சம். கடைக்காரப் பெண்மணி மாதத்தின் முதல் ஞாயிறு உனக்கு என்றார். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு முறையும் புதுச் சரக்கு வேண்டும், போன மாதம் தொங்கியது இந்த மாதம் தொங்கக் கூடாது. பாலத்துக்கடிக் குவியல் அதற்குப் போதாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆகவே வருகிற சனிக்கிழமை நானும் அம்மாவும் மாமியின் கட்டிடத்துக்குப் பாத்திரக்காரிகளாகப் போகிறோம். மௌசியிடம் போய்விட்டு வந்தோம். பாத்திரக்காரிகளுக்குள் கட்டிடத்துக்குக் கட்டிடம் எல்லை உண்டு, ஒருத்தி ஏரியாவில் இன்னொருத்தி கூவினால் பெரிய சண்டையாகிவிடும். மாமி இருக்கிற தெரு மௌசியின் நாத்தனாருடையது. அவளுக்கு நான்காவது மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லையாம். மேல் மாடிகள் எங்களுக்கு, கீழ் மாடிகள் அவளுக்கு, பாத்திரம் முழுவதும் மௌசியிடமிருந்தே எடுக்க வேண்டும் என்று பேசி முடித்தாயிற்று. வாட்ச்மேனிடம் மாமி சொல்லி வைப்பார். கூடைக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த பழைய சூட்கேஸ், பங்கார் கடையில் எடுத்தது. அதில் டபரா செட், அடி கனத்த வாணலிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் துண்டில் சுற்றி, அதே கொப்பரை. மௌசி இன்னும் அதை விற்றிருக்கவில்லை.

மாடிப்படியில் நின்று என்ன கூவுவது என்பதில்தான் இன்னும் தகராறு. கூவவே வேண்டாம், மணியை அடித்து மரியாதையாகப் பேசலாம் என்கிறேன் நான். கூவாமல் எவள் கதவைத் திறப்பாள் என்கிறாள் அம்மா. அடுப்பங்கரையில் நின்று பழகிக்கொண்டிருக்கிறாள். முதல் நாள் தெருவுக்கே கேட்டது. இப்போது மாதுங்காவுக்கு ஏற்றபடி குரலைக் குறைத்திருக்கிறாள். ஒன்று மட்டும் முடிவாகச் சொல்லிவிட்டாள், கொப்பரைக்குப் பட்டுக்குக் குறைந்து எதுவும் வாங்க மாட்டாளாம், மூட்டையை அவளே பிரித்துப் பார்ப்பாளாம், நான் எதையும் உதட்டில் வைத்துப் பார்க்காமல் சும்மா பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.